சான்றுகள் அழியுமுன்

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் வாசுதேவநல்லூரில் முதியவர் ஒருவரை அடக்கம் செய்தோம். கடைத்தெருவில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் பழுது பார்த்தவர். 1980களில் இவ்வட்டாரத்து வீடுகளின் கூரைமேல் ஆன்டெனாக் கம்பம் நட்டவர்களுள் ஒருவர். ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது அவர் சொல்லும் கதைகளுக்கு அளவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய பின், கடல் தாண்டி வந்த அந்த அலையைப் பிடிக்க எத்தனை அடிக் குழாய் வேண்டும், அதை எத்திசைக்குத் திருப்ப வேண்டும், மழைக்கு முந்திய புழுக்கமான இரவுகளில் மட்டும் படம் தெளிவது எப்படி என்பதையெல்லாம் விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். மேற்கே மலை, கிழக்கே கரிசல் காடு. கம்பத்தின் பக்கத்தில் ஓர் இளைஞர். வீட்டிற்குள் பெட்டியின் முன் நின்று, "வருது, வருது… போச்சு" என்று கூவும் இளம்பெண் ஒருவர், அவருடைய மனைவி. புள்ளி புள்ளியாக மின்னும் திரையில் ஒரு முகம் தெரிந்துவிட்டால் தெருவே திரண்டு வருமாம்.

"ஐயா, இதையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும்" என்று நாம் சொல்வோம். "நான் எங்க சாமி போயிரப் போறேன்?" என்று அவர் சிரிப்பார். நான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் அவருடைய மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி விசாரித்தோம். யார் வீட்டில் என்று கம்பம் நட்டார், பெட்டி சாலிடேரா டயனோராவா, குழாய் எத்தனை அடி என்றெல்லாம் பெரியவர் அதில் குறித்து வைத்திருந்ததாகச் சொல்லுவார். "வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பருக்குப் போட்டுட்டோம் சாமி" என்றார் மகன். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. பேச்சைப் பதியும் கருவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகள் சும்மா இருந்தவர் நாமல்லவா?

இக்கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து பிறந்தது. ஆயினும் புலம்புவது நம் நோக்கமன்று, வழக்காடுவதே நோக்கம். தமிழ்நாட்டில் தொலைக்காட்சியைக் கட்டி எழுப்பியவர்களின் வாய்மொழியை, அவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும் இந்நாளிலேயே பதிவு செய்ய வேண்டும் என்கிறோம். திருச்சபை அதில் கைகட்டி நிற்கலாகாது என்பதை அதனினும் உரத்துச் சொல்ல விழைகிறோம்.

காலக்கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிற்று. மும்பைக்கு 1972இல் வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் பிறந்தது. 2025 ஆகஸ்டில் அதற்கு ஐம்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அந்நாளில் இருபத்தைந்து வயதில் அங்கு வேலைக்குச் சேர்ந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர். 1976 ஏப்ரல் முதல் நாள் வரை தொலைக்காட்சி அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தமையால், வானொலியில் பழுத்த அனுபவத்தோடு நாற்பது வயதில் இங்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் இருப்பின் தொண்ணூறைத் தொட்டிருப்பர். நம் ஆட்டத்திற்கு இன்னும் பத்தாண்டு அவகாசம் உண்டு என்று எண்ணுகிறவர் எவரேனும் இருந்தால், அவர் நம் பங்கின் இறப்புப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

"நிகழ்ச்சிகள்தாம் ஒளிநாடாவில் இருக்குமே, ஆட்களைத் தேடிப் போவானேன்?" என்று கேட்பார் உண்டு. நாடாவில் இருக்கும் என்ற நம்பிக்கையே முதல் மூடநம்பிக்கை. தொடக்க காலத்தில் பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒளிபரப்பாயின. காற்றில் போனவை காற்றோடு போயின. பதிவு செய்தவற்றுக்கும் நற்கதி வாய்க்கவில்லை. நாடா விலைமிக்க பொருளாதலால், பழைய நிகழ்ச்சியை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது உலகெங்கும் வழக்கமாயிருந்தது. தூர்தர்ஷனும் அதற்கு விலக்கன்று. செல்வச் செழிப்புள்ள நாடுகளும் இதையே செய்தன. பிரிட்டனின் பி.பி.சி. 1960களில் தயாரித்த 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளைத் தானே அழித்தது. அவற்றின் ஒலி மட்டும் இன்று கிடைக்கிறதென்றால், வீட்டில் பெட்டியின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த நேயர்களின் புண்ணியம் அது. மனிதன் 1969இல் நிலவில் கால் வைத்த காட்சியைத் தாங்கிய மூல நாடாக்களைக்கூட, நாடாப் பற்றாக்குறையால் அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி அமைப்பே 2009இல் ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சி நிலையங்களில் ஒளிபரப்பாகிப் பதிவான நகல்கள் இருந்தமையால் நாம் அதை இன்றும் பார்க்கிறோம். நிலவுக்கே அந்த நிலை என்றால், நம் 'வயலும் வாழ்வும்' எம்மாத்திரம்?

திரைப்படத்தில் நாம் ஒருமுறை பட்டவர்கள். தமிழகத்தின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று ஓர் அடிகூட இல்லை. 1931இல் வந்த முதல் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. அவற்றை எடுத்தவர்களையும் நடித்தவர்களையும் நாற்காலியில் அமர்த்தி, பொறுமையாய்க் கேட்டு, சொல் சொல்லாய்ப் பதிந்திருந்தால் படம் மீண்டிராது. ஆனால் அது எப்படி எடுக்கப்பட்டது என்பதாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பாடத்தைக் கற்காமலேயே அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம்.

நாடா இருந்தாலும் அது எல்லாவற்றையும் சொல்லாது. இதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். 1975 ஜூன் 25ஆம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதற்குச் சரியாக ஐம்பத்தோராம் நாள் சென்னைத் தொலைக்காட்சி பிறந்தது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த வேளையில், பேச்சுரிமை முடங்கியிருந்த வேளையில், ஒரு மொழியின் முதல் தொலைக்காட்சி நிலையம் கண் திறந்தது. தமிழகத்திலோ மத்திய அரசுக்கு ஒத்துப்போகாத மாநில அரசு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1976 ஜனவரி 31ஆம் நாள் அது கலைக்கப்பட்டது. அந்த ஐந்தரை மாதத்தில் சென்னை நிலையத்தின் செய்திப் பிரிவில் என்ன நடந்தது? முதலமைச்சரின் நிகழ்ச்சிக்குப் படக்கருவி போயிற்றா, போய்ப் பிடித்த படம் ஒளிபரப்பாயிற்றா? எந்தச் சொல்லை நீக்கும்படி யார் சொன்னார்? நெருக்கடி நிலையில் ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது பற்றி 1977இல் மத்திய அரசு வெள்ளையறிக்கையே வெளியிட்டது. ஆனால் வெள்ளையறிக்கையில் ஓர் இளம் செய்தி ஆசிரியரின் மனச்சான்று இடம்பெறுமா? தொலைபேசியில் வந்த ஆணைக்குக் கோப்பு ஏது? ஒளிபரப்பாகாத செய்திக்கு நாடா ஏது? அது இருப்பதெல்லாம் அன்று அந்த மேசையில் அமர்ந்திருந்தவரின் நெஞ்சுக்குள். அவர் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லியிருக்க மாட்டார். அவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவர் கண்மூடினால் அந்த அத்தியாயம் மூடிற்று.

பிறகு வந்த காலத்திலும் கேட்க வேண்டியவை குறைவல்ல. 1982 ஆகஸ்டு 15 முதல் தில்லியின் தேசிய ஒளிபரப்பு இரவு வேளையை எடுத்துக்கொண்டபோது, இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஒரு தலைமுறை வாழும் மாநிலத்தின் நிலையத்தில் பணியாற்றியவர்கள் அதை எப்படி எதிர்கொண்டனர்? நேயர் கடிதங்களுக்கு விடைசொன்ன 'எதிரொலி'க்கு வந்து குவிந்த மூட்டைகளில், வாசிக்கப்படாத கடிதங்களில் என்ன எழுதியிருந்தது? செய்தி வாசித்த சோபனா ரவியின் குரலையும் முகத்தையும் தமிழகம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அவர் கையிலிருந்த தாளை எழுதியவர் யார்? ஆங்கிலத்தில் வந்த செய்தியைச் சில நிமிடங்களில் நல்ல தமிழாக்கியவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? இன்று நாம் இயல்பாக வழங்கும் எத்தனையோ செய்திச் சொற்கள் அந்த அவசரத்தில் பிறந்தவை. அச்சொற்களுக்குத் தாய்தந்தையர் உண்டு. அவர்களுக்குத்தான் முகவரி இல்லை.

பெயர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சென்னைத் தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசை நெடுங்காலம் நம் பொதிகை மலையின் பெயரைத் தாங்கியிருந்தது. 2024 ஜனவரியில் அப்பெயர் நீங்கி 'டிடி தமிழ்' ஆயிற்று. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு அதில் ஒரு சிறு வருத்தம் உண்டு. போகட்டும்.

இனி நம் வீட்டுக்குள்ளேயே எழும் எதிர்வாதத்திற்கு வருவோம். "தொலைக்காட்சி குடும்பங்களைக் கெடுத்தது. மாலைச் செபமாலையை விழுங்கியது. அதற்கு வரலாறு ஒரு கேடா?" இதைச் சொல்வோர் பெரும்பாலும் நம்மவர், இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், நம்மைப் போன்ற குருக்கள். நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் எத்தனை மறையுரைகள் அந்தப் பெட்டியைச் சாத்தானின் பெட்டி என்று தூற்றின! 1987 ஜனவரியில் 'இராமாயணம்' தொடர் ஞாயிறு காலைகளில் வரத் தொடங்கியபோது, திருப்பலியில் அமர்ந்திருந்தோர் கைக்கடிகாரத்தைப் பார்த்த பார்வையை இளைஞராயிருந்த நாமும் கண்டோம். நாமும் பார்த்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. பீடத்திலிருந்து இடி முழங்கிற்று. அம்முழக்கத்தில் பாதி உண்மை இருந்தது. மறுபாதி, அறியாத ஒன்றின்மீது கொண்ட அச்சம்.

ஏனெனில் திருச்சபையின் போதனை அந்த இடிமுழக்கத்தோடு ஒத்ததாக ஒருநாளும் இருந்ததில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957லேயே திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். மறு ஆண்டு, அசிசி நகர்ப் புனித கிளாரா தொலைக்காட்சியின் பாதுகாவலி என அறிவிக்கப்பட்டார். நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவில் தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. கொல்கத்தாவில் சேசு சபைக் குரு கஸ்தோன் ரொபேர்ஜ் 1970இல் 'சித்ரபாணி'யைத் தொடங்கி, திரைக்கலையைப் படிப்பிக்கப் புகுந்தார். இத்தனைக்கும் பிறகு, 'அது அழிந்தால் அழியட்டும்' என்பது பக்தியன்று. சோம்பலுக்குப் போர்த்திய பக்தி.

இன்னொன்றும் கேட்போம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் கோவில்களைப் பூட்டினோமே, அப்போது எங்கே போனோம்? மார்ச் 27ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து வந்து நற்கருணை ஆசீர் வழங்கியதை நம் மக்கள் எதன் வழியே கண்டார்கள்? மறையுரையில் பெட்டியைச் சாடிய அதே நாம், பங்குக் கோவிலில் ஆளில்லா இருக்கைகளுக்கு முன்னே ஓர் அலைபேசியை நிறுத்தி, அதைப் பார்த்து "அன்பார்ந்த இறைமக்களே" என்றோம். நடையாய் நடந்து கோவிலுக்கு வர இயலாத பாட்டியர் எத்தனையோ பேர் தொலைக்காட்சித் திருப்பலியில் பங்கேற்று வீட்டிலேயே எழுந்து நின்று, முழந்தாளிட்டுச் செபித்தனர். தமிழகத்தில் அந்தப் பெட்டி ஏழையின் வீட்டிலும் இருந்ததற்கு 2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் ஒரு காரணம். அதன்கீழ் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. அதை வாக்குக்கு விலை என்று எழுதியவர்களுள் நம் பத்திரிகைகளும் உண்டு. அவ்விமரிசனம் பிழையென்று நாம் கூறவில்லை. ஆனால் பெட்டி வந்த அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது, யார் முன்னே உட்கார்ந்தார், யார் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது, அதுவரை அடுத்த தெருவின் சன்னலில் எட்டிப்பார்த்து விரட்டப்பட்ட பிள்ளை அன்று என்ன செய்தது என்பதை நம்முள் ஒருவராவது கேட்டு எழுதினோமா? சாதியும் கூரையும் சம்பந்தப்பட்ட அந்த வரலாறு எந்த நிலையத்தின் நாடாவிலும் இல்லை.

அடுத்து அறிஞரின் எதிர்வாதம்: "முதியோரின் நினைவு பொய்க்கும். தம்மைப் பெரிதாக்கிச் சொல்வார்கள். தேதியைக் குழப்புவார்கள். வாய்ச்சொல் வரலாறாகுமா?" குழப்புவார்கள்தாம். நம் பெரியவரும் ரூபவாஹினியைத் தாமே இவ்வட்டாரத்தில் முதன்முதலாகப் பிடித்ததாகச் சொல்வார். புளியங்குடியில் வேறொருவரும் அப்படியே சொல்வார் என்று எதிர்பார்க்கலாம். அதனால்தான் இருவரையும் கேட்க வேண்டும் என்கிறோம். ஒருவரையும் கேளாதிருப்பது பொய்யைத் தவிர்க்கும் வழியாகாது.

வாய்ச்சொல்லை இழித்துப் பேசும் உரிமை கிறிஸ்தவருக்கு எல்லாரினும் குறைவு. தம் நற்செய்தியின் தொடக்கத்தில் புனித லூக்கா தம் முறையைத் தாமே விளக்குகிறார்: கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தவற்றைத் தொடக்கமுதல் கவனமாய் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த எராப்போலி ஆயர் பப்பியா, ஆண்டவரின் சீடர்களோடு பழகியவர் எவரேனும் தம் ஊருக்கு வந்தால், அந்திரேயா என்ன சொன்னார், பேதுரு என்ன சொன்னார் என்று விடாமல் விசாரிப்பாராம். நூல்களைவிட உயிருள்ள குரலே தமக்கு மிகுந்த பயன் தந்தது என்று அவர் எழுதியதை எவுசேபியு காப்பாற்றித் தந்திருக்கிறார். அந்த வேலையைத்தான் இன்று நேர்காணல் என்கிறோம்.

அதற்கு மேலாக, சான்று கேட்கும் கலையில் திருச்சபைக்கு நிகரான பழைய கை உலகில் அரிது. ஒருவரைப் புனிதராக உயர்த்துமுன் மறைமாவட்டம் விசாரணை நடத்துகிறது. சாட்சிகளை ஆணையிடுவித்து ஒவ்வொருவராகக் கேட்கிறது. புகழ்கிறவரை மட்டுமல்ல, குறை சொல்கிறவரையும் கேட்கிறது. 1983இல் வெளியான விசாரணை விதிமுறைகளில் ஓர் இடம் குருமடத்தில் படித்த நாளிலிருந்து நம் மனத்தில் நின்றுவிட்டது. ஆவணத் தேடல் முடிந்த பின்னரே சாட்சிகளை விசாரிப்பது முறை. ஆயினும் சான்றுகள் அழிந்துபோகும் ஆபத்து இருந்தால், ஆவணங்களுக்குக் காத்திராமல் சாட்சிகளை உடனே விசாரித்துவிட வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. முதியவர் இறந்துவிடுவார், ஆகவே முதலில் முதியவரிடம் போ என்று சட்டமே சொல்கிறது. நம் மண்ணின் புனித தேவசகாயம் 1752இல் கொல்லப்பட்டார். 2022 மே 15இல்தான் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லாத நிலையில், பழைய ஆவணங்களையும் வழிவழி வந்த மக்கள் நினைவையும் சல்லடையிட்டுத் தேட வேண்டியிருந்தது. அந்த உழைப்பின் அருமை கோட்டாற்றாருக்குத் தெரியும். தொலைக்காட்சிக்குக் கண்கண்ட சாட்சிகள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களை எப்படிக் கேட்பது? இவ்விடத்தில் நம் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. விழாக்களிலும் அலைவரிசைகளிலும் மூத்த கலைஞர்களையும் பணியாளர்களையும் காணுகிறோம். பொன்னாடை போர்த்துகிறார்கள். "உங்களுக்கு மறக்க முடியாத இனிய அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர் வாயெடுக்குமுன், "மிகவும் கஷ்டப்பட்டுத்தானே இந்த நிலைக்கு வந்தீர்கள்?" என்று விடையையும் தாமே ஊட்டுகிறார்கள். இரண்டு மணித்துளியில் கைதட்டல், இசை, விளம்பரம். நம் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1564ஆம் சட்டம், சாட்சியிடம் கேட்கும் கேள்வி சுருக்கமாயிருக்க வேண்டும், பலவற்றை ஒன்றாய்த் திணிக்கலாகாது, பொறி வைக்கலாகாது, விடையைக் குறிப்பால் ஊட்டலாகாது என்று வகுத்திருக்கிறது. தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் அனைவருக்கும் இந்த ஒரு சட்டத்தை மொழிபெயர்த்து அனுப்பலாம் என்று தோன்றுகிறது. பொன்னாடையும் கேள்வியும் வேறு வேறு. பொன்னாடை போர்த்திய பின் ஒருவரிடம், "அந்தச் செய்தியை நீங்கள் ஏன் நீக்கினீர்கள்?" என்று கேட்க யாருக்கும் நா எழாது.

செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் அறக்கட்டளை 1990களில் அத்துறையின் முன்னோடிகளைத் தேடிச் சென்று நெடிய நேர்காணல்களைப் பதியத் தொடங்கியது. ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் ஓடும். இன்று 900க்கும் மேற்பட்டவை பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. நடிகர்கள் மட்டுமல்ல, எழுத்தாளர்கள், ஒளிப்பதிவாளர்கள், உடை தைத்தவர்கள், பொறியாளர்கள் எல்லாரும் அதில் உண்டு. அவர்கள் முதலில் தேடிச் சென்றவர்களுள் ஒருவர் எல்மா ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மூதாட்டி. 1927 செப்டம்பர் 7ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய கணவர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் மின்னணு முறையில் ஒரு கோட்டின் உருவத்தை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்பினார். ஆர்.சி.ஏ. என்ற பெரு நிறுவனத்தோடு காப்புரிமைக்காக வழக்காடிக் களைத்த அவர் 1971இல், உலகம் தம்மை ஏறக்குறைய மறந்த நிலையில், இறந்தார். அந்த ஆய்வுக்கூடத்தில் கணவரோடு வேலை செய்தவர் எல்மா. அந்த ஒரு கோட்டைக் கண்ட நாளைப் பற்றி அவர் வாயாலேயே இன்று நாம் கேட்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் தக்க காலத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதே காரணம். அவர் 2006இல் இறந்தார்.

நம் சென்னையில் அந்தக் கதவுகளைத் தட்டும் பொறுப்பு அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. அவை செய்யட்டும். அவை செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் கத்தோலிக்கக் கல்லூரிகள் தமிழகத்தில் பல. ஆண்டுதோறும் குறும்படம் எடுக்கும் நம் மாணவர்கள், ஒரே ஓர் ஆண்டு குறும்படத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு முதியவரைத் தேடிப் போகக்கூடாதா? 1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தார். அன்று படக்கருவிகளுக்குப் பின்னால் நின்றவர்களுள் இன்னும் இருப்பவர் யார் என்று தேடினோமா? திருத்தந்தையைத் தொட்டவரின் கைக்குட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவரைப் படம்பிடித்தவரின் நினைவைப் பூட்டி வைக்க மட்டும் நமக்குப் பெட்டி இல்லை. ஆயர்கள் தம் மறைமாவட்டத்தில் வரலாற்று ஆவணக் காப்பகம் ஒன்றை அமைத்துப் பேண வேண்டும் என்று 491ஆம் சட்டம் பணிக்கிறது. தாளுக்கு இடம் கொடுக்கும் அந்தக் காப்பகத்தில் குரலுக்கும் ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும் என்பது ஆயர் பெருமக்களுக்கு நம் பணிவான, ஆனால் விடாத விண்ணப்பம்.

சென்னை முக்கியமே, சென்னை மட்டுமே முக்கியம் என்பதை நாம் ஏற்கமாட்டோம். கொடைக்கானல் மலையில் உயர் ஆற்றல் ஒளிபரப்பி அமைந்த பிறகே சென்னை நிகழ்ச்சிகள் தென் மாவட்டங்களுக்கு ஓரளவு தெளிவாக வந்தன. அதற்கு முன்னே இங்கு நடந்தது வேறொரு வரலாறு. புரியாத சிங்களத்தில் வந்ததைக் கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்த வரலாறு. ஊராட்சி அறையில் பூட்டிவைத்த பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்ற வரலாறு. 'ஒளியும் ஒலியும்' பார்க்கக் காசு வாங்கிய வீடுகள், வாங்காத வீடுகள், உள்ளே விடாத வீடுகள் ஆகியவற்றின் வரலாறு. எலுமிச்சையும் நெல்லும் பயிரிட்ட உழவர் 'வயலும் வாழ்வும்' பார்த்து எதை நம்பினார், எதைக் கேட்டுச் சிரித்தார் என்ற வரலாறு.

நம் ஊருக்கு இது புதிதல்ல. பக்கத்து நெற்கட்டும்செவலில் ஆண்ட பூலித்தேவரைப் பற்றியும், நவாபின் படைக்கும் கும்பினிப் படைக்கும் எதிர்நின்ற வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பற்றியும் தாளில் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் அதை இடிக்க வந்தவர்கள். இந்தப் பக்கத்தாரின் சாட்சியம் கதையிலும் கும்மியிலும் கிழவர்களின் வாயிலும் இருந்தது. அதைக் கேட்டு எழுதப் பின்னாளில் சிலர் முன்வந்தார்கள். அதற்குள் எவ்வளவு போயிற்று என்பதை யார் அளப்பார்? எழுத்தறிவும் கருவியும் இல்லாத காலத்து மக்களை அதற்காகக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒலியும் ஒளியும் பதியும் கருவி இருக்கும் காலத்தில், ஒரு மனிதரின் நோட்டுப் புத்தகம் கிலோ விலைக்குப் போயிற்று.

"ஃபாதர், ஒரு ரிப்பேர்க்காரருக்கு இவ்வளவா?" என்று நம் பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், கேலியாகக் கேட்கவில்லை. "அவர் சிவாஜி கணேசனா, எம்.ஜி.ஆரா?" என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் வீட்டுப் பெட்டி முதலில் எப்போது வந்தது என்று நாம் கேட்டோம். அவர் யோசித்தார். அப்பா வாங்கியது என்றார், பிறகு மாமா என்றார், அக்காள் திருமணத்திற்கு முன்னா பின்னா என்று தெரியவில்லை என்றார். கடைசியில், "அம்மா இருந்திருந்தா சொல்லியிருப்பா" என்றார். கூட்டத்தில் யாரும் அதற்குமேல் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

பேரவை இதுவரை முடிவு செய்திருப்பது சிறிது. இளையோர் இயக்கத்தைச் சேர்ந்த நால்வர் ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார்கள்: பழுது பார்த்தவர்கள், கேபிள் இழுத்தவர்கள், ஊராட்சிப் பெட்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர், முதலில் பெட்டி வாங்கிய இரண்டு மூன்று வீட்டார். கத்தோலிக்கர் மட்டும் என்று வரையறை வைக்கவில்லை. அலை அப்படிப் பார்த்து வரவில்லை. பதிவானதை இரண்டு இடத்தில் சேமிப்பது, சொன்னவரின் ஒப்புதலை எழுதி வாங்குவது, ஓரெழுத்தும் விடாமல் தாளில் படியெடுத்துத் திருமுழுக்கு ஏடுகள் இருக்கும் அலமாரியிலேயே வைப்பது என்று பேசியிருக்கிறோம். பட்டியலில் பதினேழு பெயர்கள். எழுதி முடித்து மூன்று வாரத்திற்குள் அவர்களுள் ஒருவருக்கு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு வந்தோம்.

பட்டியலின் தலையில் இருப்பவர் அந்தப் பெரியவரின் மனைவி. காது சற்று மந்தம். கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வருகிற வியாழன் மாலை போகிறோம். கம்பத்தின் பக்கத்தில் அவர் நின்றார், பெட்டியின் முன் இவர் நின்றார். படம் வந்தது என்று முதலில் கண்டு சொன்னவர் இவரே. முதல் அட்டையில் எழுதியிருப்பது: "அம்மா, அன்றைக்கு என்ன தெரிந்தது?"